பிடித்து வைத்த இடம்

ஒரு குழந்தையை ஒன்றாம் வகுப்பில் சேர்க்க எத்தனை பேர் வேண்டும்? மற்ற ஊர்களில் எப்படியோ எனக்குத் தெரியாது. எங்கள் பிஷ்கெக்கில் முப்பது பேராவது வேண்டும். பெற்றவர்கள், சித்தப்பன்கள், மாமன்கள், மாஸ்கோவில் தரை துடைக்கும் அத்தை, சியோலில் தொழிற்சாலை வேலை பார்க்கும் ஒன்றுவிட்ட அண்ணன், சிகாகோவில் லாரி ஓட்டும் அவனுடைய மைத்துனன் என்று அத்தனை பேரும் சேர்க்கை தொடங்கும் காலையில் போனைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள். யாருக்கு முதலில் உள்ளே வழி கிடைக்கிறதோ அவர் குழந்தையின் பெயரைப் பதிந்துவிட வேண்டும். ஒருவன் வீடு கட்டினால் ஊரே கூடி மண் குழைத்துக் கொடுக்கிற ஜனம் நாங்கள். அந்தப் பழக்கம் இப்போது போனுக்கும் வந்துவிட்டது, அவ்வளவுதான்.

அந்த முப்பது பேரும் வந்து முட்டுகிற சர்வரைக் கவனித்துக்கொள்வது என் வேலை. என் பெயர் ஷாயிர்குல். வருஷம் முழுக்க என்னை யாருக்கும் தெரியாது. ஏப்ரலில் சேர்க்கை நடக்கும் அந்த ஒரு நாள் மட்டும் மந்திரி அலுவலகம் வரைக்கும் என் பெயர் போய்விடும், அதுவும் திட்டுவதற்காக.

எனக்கு முப்பது பேர் கிடையாது. நான் அநாதை விடுதியில் வளர்ந்தவள். ஏழு தலைமுறைத் தகப்பன் பெயரை ஒப்பிக்கத் தெரியாதவரை எங்கள் ஜனம் ஒரு மாதிரியாகப் பார்க்கும். எனக்கு முதல் பெயரிலேயே சந்தேகம். புருஷன் தலாந்த் ரஷ்யாவுக்கு வேலைக்குப் போனவன், அங்கேயே வேறொரு குடும்பம் வைத்துக்கொண்டான். மிச்சம் என் மகள் அசேமா. அவளும் இப்போது என்னிடம் இல்லை. குளிர்காலத்தில் நகரத்து நிலக்கரிப் புகையில் அவள் விடாமல் இருமியபோது, தலாந்தின் அக்கா பூபுசாரா மலைப்பக்கம் இருக்கிற கொச்கோரிலிருந்து காரை எடுத்துக்கொண்டு வந்து அவளைக் கூட்டிப் போனாள். வாசலில் நின்று அவள் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

"ஷாயிர், நான் உன் பிள்ளையப் பிடுங்கிட்டுப் போறேன்னு நெனைக்காத. உன் வீட்டுப் பக்கத்து ஸ்கூல்ல இடம் கிடைச்சா வந்து கூட்டிட்டுப் போ. நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன். கிடைக்கலன்னா ஒண்ணாங்கிளாஸ் எங்க ஊர்ல. ரெண்டு பஸ் மாத்தி அனுப்புறேன், பக்கத்து வீட்ல விடுறேன்னு ஆரம்பிக்கக் கூடாது. சரியா?"

"சரி எஜே," என்றேன். எங்களில் மூத்தவளை அப்படித்தான் கூப்பிட வேண்டும், அவள் தம்பி நம்மை விட்டுப் போயிருந்தாலும்.

அன்றிலிருந்து சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததும் டிவியைப் போட்டுவிடுவேன். பார்ப்பதற்கு அல்ல, யாராவது பேசிக்கொண்டிருக்கட்டும் என்று. விடுதியில் வளர்ந்தவளுக்குத் தனிமை பழக்கம்தான் என்று அலுவலகத்தில் வீறாப்பாகச் சொல்லிக்கொள்வேன். அதெல்லாம் பொய். குழந்தை இருந்துவிட்டுப் போன வீட்டில் இருப்பது வேறு. அது எனக்குப் பழகவே இல்லை. எங்கள் கட்டடத்துக்குப் பின்னால் இருக்கிற மஞ்சள் பள்ளிக்கூடத்தில் ஓர் இடம், அது கிடைத்தால் அசேமா திரும்பி வருவாள். அந்த ஏப்ரலில் எனக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

சேர்க்கை நாளன்று காலை இணையதளம் திறந்த நிமிஷத்திலேயே அலுவலக மேஜைக்கடியில் என் போனை வைத்துக்கொண்டு எல்லாத் தாய்மார்களையும் போல நானும் அழுத்தினேன். வழி கிடைத்துவிட்டது! மஞ்சள் பள்ளியைத் தேர்ந்தெடுத்தேன். அசேமாவின் அடையாள எண்ணைப் போட்டேன். பச்சை எழுத்தில் வந்தது: "இந்த இடம் உங்களுக்காகப் பிடித்து வைக்கப்பட்டுள்ளது. தடுப்பூசிச் சான்றின் படத்தை இணைக்கவும்."

சான்று பூபுசாராவிடம் இருந்தது. அந்த ஊர் டாக்டர் கொடுத்தது. படம் எடுத்து அனுப்பச் சொல்லி முந்தின நாளே கேட்டிருந்தேன், காலையில் அனுப்புகிறேன் என்றிருந்தாள். கூப்பிட்டேன், எடுக்கவில்லை. செய்தி அனுப்பினேன், போய்ச் சேரவில்லை. மலைப்பக்கம் சிக்னல் அப்படித்தான் என்று மனசைத் தேற்றிக்கொண்டு நிமிர்ந்தபோது, எதிரே ஜோமார்ட் பேயறைந்தவன் மாதிரி நின்றுகொண்டிருந்தான்.

ஜோமார்ட்தான் தளத்தை எழுதினவன். கெட்டிக்காரன், ஆனால் யார் எதைக் கேட்டாலும் இல்லை என்று சொல்லத் தெரியாத பையன்.

"எஜே, தளம் விழுந்துடுச்சு. யாரு போனாலும் 'தரவுத்தளத்தோட இணைப்பு இல்ல'ன்னு வருது."

"விழுந்துடுச்சா, மூச்சு வாங்குதா? ரெண்டும் வேற."

"தெரியலயே எஜே. மூணு வாட்டி அழுத்துனா ஒரு வாட்டி தெறக்குது."

பார்த்தேன். சர்வர் உயிரோடுதான் இருந்தது. தரவுத்தளமும் இருந்தது. இரண்டுக்கும் நடுவில் வழிதான் இல்லை. தரவுத்தளத்துக்குள் ஒரே சமயத்தில் போய்வர இருநூறு இணைப்புகள் வைத்திருந்தோம். தபால் ஆபீசில் இருநூறு ஜன்னல் மாதிரி. ஒருவர் வருவார், கேட்டதை வாங்கிக்கொண்டு கண் இமைக்கும் நேரத்தில் நகர்ந்துவிடுவார், அடுத்தவர் வருவார். அந்த வேகத்தில் ஒரு நகரத்தையே சமாளிக்கலாம். இப்போது இருநூறும் அடைபட்டுக் கிடந்தது. ஒருவரும் நகரவில்லை.

அதற்குள் எங்கள் தலைவர் ஒரோஸ்பெக் ஒரு காதில் போனோடு ஓடி வந்தார். அந்தப் பக்கம் யாரோ பெரிய ஆள் கத்திக்கொண்டிருந்தது எங்களுக்கே கேட்டது.

"தாக்குதல்! வெளிநாட்டுத் தாக்குதல்!" என்றார் ஒரோஸ்பெக். "எங்கெங்கேருந்து வருதுன்னு போட்டுக் காட்டு ஷாயிர்குல்!"

போட்டுக் காட்டினேன். மாஸ்கோ, யெகாடெரின்பர்க், சியோல், இஸ்தான்புல், சிகாகோ.

"பாத்தியா! நாலு நாட்டுக்காரன் சேந்து அடிக்கிறான். எல்லாத்தையும் அடை."

"பைகே, இது எதிரி இல்ல, நம்ம அத்தைங்க," என்றேன், மூத்த ஆணை அழைக்கிற அந்த மரியாதைச் சொல்லை விடாமல். "சிகாகோவுல லாரி ஓட்டுறவன் அக்கா மகனுக்கு இடம் புடிக்கிறான். அடைச்சீங்கன்னா அவன் அக்கா நேரா இங்க வந்துடுவா, பரவாயில்லையா?"

அவர் அடைக்கிற பேச்சை விட்டுவிட்டார். அவருடைய பேரனுக்கும் இந்த வருஷம் ஒன்றாம் வகுப்பு. அவர் மனைவி சொந்தக்காரர்களையெல்லாம் காலையிலேயே தேநீருக்கு அழைத்து, ஆளுக்கொரு போனோடு உட்கார வைத்திருக்கிறாள் என்பது அலுவலகம் முழுக்கத் தெரியும்.

"அப்ப இணைப்பக் கூட்டு," என்றார். "இருநூறை ஐநூறாக்கு. அதுல என்ன கஷ்டம்?"

கஷ்டம் என்ன என்று எனக்குத் தெரியும். ஒவ்வொரு இணைப்பும் கொஞ்சம் நினைவகத்தைத் தின்னும். ஆனால் மேலிடம் போனில் காத்திருக்கும்போது யாருக்கு விளக்கம் சொல்ல? கூட்டினேன். கொஞ்ச நேரம் எல்லோரும் உள்ளே போனார்கள், ஒரோஸ்பெக் போனில் "சரி பண்ணிட்டோம்" என்று மார்தட்டினார், அவர் அதைச் சொல்லி முடிப்பதற்குள் நினைவகம் தீர்ந்து முழுசாகவே படுத்துவிட்டது. முன்பு மூன்றுக்கு ஒன்றாவது திறந்தது, இப்போது ஒன்றுமில்லை. திரும்ப இருநூறாக்கி, தரவுத்தளத்தை நிறுத்தி எழுப்பினேன். பாதியில் நிற்கிற படிவமெல்லாம் சிதறிப்போகும் என்று தெரிந்துதான் செய்தேன். என் இடமும் போயிருந்தது. எழுப்பியவுடனே மேஜைக்கடியில் திரும்ப அழுத்தினேன். சர்வர் எந்த நொடியில் எழும் என்று ஊரிலேயே எனக்கு மட்டும்தானே தெரியும்? மறுபடி கிடைத்தது. அது நியாயமா என்று அப்போது யோசிக்கவில்லை.

இருநூறும் மறுபடி அடைத்துக்கொண்டது. நாங்கள் தேநீர்க் கோப்பையை எடுத்து வைப்பதற்குள்.

அப்போதுதான் செய்திருக்க வேண்டிய காரியத்தைச் செய்தேன். எத்தனை பேர் வருகிறார்கள் என்று பார்ப்பதை விட்டுவிட்டு, உள்ளே இருக்கிறவர்கள் என்ன செய்துகொண்டிருக்கிறார்கள் என்று பார்த்தேன். ஒன்றும் செய்துகொண்டிருக்கவில்லை! இருநூறு பேரும் பாதி வேலையில் கையைக் கட்டிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார்கள். ஜன்னலில் தலையை விட்டுக்கொண்டு, பேசாமல்.

"ஜோமார்ட், இங்க வா. இந்த வருஷம் புதுசா என்னத்தை எழுதி வச்சே?"

அவன் முகம் சிவந்தது. "பெரிசா ஒண்ணும் இல்ல எஜே. போன வருஷம் ஒரு அம்மா, படிவத்தை நெரப்புறதுக்குள்ள இடம் போயிடுச்சுன்னு என் சட்டையப் புடிச்சிட்டாங்க. பாவமா இருந்துச்சு. அதான், பள்ளிக்கூடத்தத் தேர்ந்தெடுத்த உடனே அந்த இடத்தப் புடிச்சு வச்சிடற மாதிரி பண்ணேன். அவங்க படிவத்த முடிக்கிற வரைக்கும் வேற யாரும் அதைத் தொட முடியாது."

"எப்படிப் புடிச்சு வச்சே?"

"இணைப்ப மூடாம வச்சிட்டேன்."

"எவ்வளவு நேரம்?"

"அவங்க வர்ற வரைக்கும்." கொஞ்சம் ரோஷமாகவே சொன்னான். "கிளினிக்ல என்ன பண்றோம் எஜே? 'யாரு கடைசி?'ன்னு கேட்டு, 'நான் உங்களுக்குப் பின்னாடி'ன்னு சொல்லிட்டுப் போய் சம்சா தின்னுட்டு வரோம். வந்தா நம்ம இடம் இருக்குமா இருக்காதா? எவனாவது அதுல கை வைப்பானா?"

"கிளினிக்ல இடம் புடிச்சிட்டுப் போறவன் டாக்டர் ரூமைப் பூட்டிச் சாவிய எடுத்துட்டாடா போறான்?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். திட்டினேனே தவிர, அவன் எழுதினதில் தப்பு எங்கே என்று எனக்கும் அன்று காலைவரை தோன்றியிருக்காது. எங்களில் யாருக்கும் தோன்றாது. போய்விட்டு வருகிறேன் என்றால் வருவார்கள் என்று நம்பி வளர்ந்தவர்கள். அவன் பத்துப் பேரை வைத்துச் சோதித்தபோது பத்துப் பேரும் வந்திருக்கிறார்கள்.

ஆனால் இன்று வருகிறவர்கள் அம்மாக்கள் மட்டுமா? சியோல் அண்ணன் உள்ளே நுழைந்து ஓர் இடத்தைப் பிடித்துவிட்டு, "கிடைச்சிடுச்சு, சான்று அனுப்புங்க" என்று குடும்ப வாட்ஸ்அப்பில் போடுகிறான். அதற்குள் மாஸ்கோ அத்தையும் ஓர் இடத்தைப் பிடித்துவிட்டாள். மாமனும் பிடித்துவிட்டான். யார் பிடித்ததை வைத்துக்கொள்வது என்று குடும்பமே கூடிப் பேசுகிறது, ஒருவரும் விடுவதில்லை. ஒரே குழந்தையின் எண் திரையில் பதினெட்டு இணைப்புகளில் இருந்தது. இன்னொரு குழந்தைக்கு இருபத்திரண்டு. வரிசையாகப் பார்த்துக்கொண்டே வந்தேன். வயிறு எரிந்தது என்றுதான் சொல்ல வேண்டும். எவ்வளவு பேர் ஒரு பிள்ளைக்கு!

நடுவில் ஒரே ஒரு இணைப்போடு ஓர் எண். அசேமாவுடையது. என்னுடையது.

"எல்லாத்தையும் வெட்டி விட்டுடலாம்," என்றேன். "சும்மா உக்காந்திருக்கிற அத்தனையும். நீ அந்த இடம் புடிக்கிற வேலைய எடுத்துடு. முழுப் படிவம் யாரு முதல்ல அனுப்புறாங்களோ அவங்களுக்கு இடம்."

ஜோமார்ட் என் தோளுக்குப் பின்னால் நின்று திரையைப் பார்த்தான். அசேமாவின் எண் அவனுக்கும் தெரியும். என் மேஜையில் அவள் படத்துக்குக் கீழேயே ஒட்டியிருக்கிறேன், மறந்துவிடக்கூடாது என்று.

"எஜே, அது உங்களோடது இல்ல?"

"ஆமா."

"அத விட்டுடுங்களேன். இருநூறுல ஒண்ணு. யாருக்கு என்ன கொறஞ்சிடப் போகுது?"

"நீ உன் வேலையப் பாரு."

"மத்தவங்களுக்குத் திரும்ப அழுத்த முப்பது பேரு இருக்காங்க. உங்களுக்கு யாரு இருக்கா?" என்றான். இரக்கப்பட்டுத்தான் சொன்னான். ஆனாலும் சுருக்கென்று குத்தியது. "எண்ணக் குடுங்க, எங்க சித்தப்பன்மார அழுத்தச் சொல்றேன். நாப்பது பேர் இருக்கோம்."

"அந்த நாப்பது பேராலதான் இவ்வளவும் வந்தது. போ."

அவன் போனான். கட்டளையை எழுதினேன்: பாதி வேலையில் சும்மா இருக்கிற எல்லா இணைப்பையும் துண்டி. கை நின்றது. சான்று இன்னும் வரவில்லை. வெட்டினால் என் இடமும் போகும்; போனால் படிவத்தை முழுசாக முடித்தால்தான் கிடைக்கும்; முடிக்கச் சான்று வேண்டும். நான் யாரிடம் கடைசியாக ஓர் உதவி கேட்டேன் என்று யோசித்துப் பார்த்தேன். நினைவுக்கு வரவில்லை. யாரும் எனக்காக ஓர் இடத்தைப் பிடித்து வைத்ததில்லை. நான் பிடித்தால்தான் உண்டு. அந்த ஆத்திரத்தில் கட்டளையின் கடைசியில் இன்னும் சில சொற்களைச் சேர்த்தேன்: இந்த எண்ணைத் தவிர.

அழுத்தினேன். நூற்றுத் தொண்ணூற்றொன்பது விழுந்தது. ஒன்று நின்றது.

தளம் மூச்சுவிட்டது. ஜன்னல்கள் காலியாகி, ஆட்கள் வந்து வந்து போனார்கள். ஒரே சமயத்தில் இருபது இணைப்புக்கு மேல் தேவைப்படவே இல்லை. அடுத்த அறையிலிருந்து ஒரோஸ்பெக்கின் அலறல் மட்டும் கேட்டது.

"எவன்டா அது வெட்டுனது? என் பேரன் இடம் போச்சு!"

"திரும்ப அழுத்தச் சொல்லுங்க பைகே!" என்று ஜோமார்ட் கத்தினான்.

அவர் வீட்டுக் கூட்டம் திரும்ப அழுத்தியது. கொஞ்ச நேரத்தில் பேரனுக்கு இடம் கிடைத்துவிட்டது. அலுவலகத்துக்கே சம்சா வாங்கி வரச் சொன்னார். எல்லோரும் நடுக்கூடத்தில் கூடி நின்று சாப்பிட்டார்கள், அவரவர் வீட்டுக் கதையைச் சொல்லிச் சிரித்தார்கள். எனக்கும் ஒன்றை ஜோமார்ட் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனான். நான் திரையை விட்டு எழுந்திருக்கவில்லை. அந்த ஓர் இணைப்பு அப்படியே இருந்தது. எப்போது பார்த்தாலும் அதே நிலை: சும்மா, காத்திருக்கிறது.

பூபுசாரா மத்தியானத்துக்கு மேல் கூப்பிட்டாள்.

"ஷாயிர், போன் சார்ஜ் இல்லாம கெடந்துச்சும்மா. காலைலேருந்து ஆட்டுக்குட்டிங்களோட மல்லுக்கட்டுறேன். இப்பத்தான் பாக்கறேன்."

"எஜே, சான்று. இப்பவே படம் எடுத்து அனுப்புங்க. இடத்தப் புடிச்சு வச்சிருக்கேன்."

"கிடைச்சிடுச்சா!" என்றாள். அந்தக் குரலில் சந்தோஷம் இருந்தது, வேறொன்றும் இருந்தது. "சான்று என் கையிலதான் இருக்கு. நான் சொன்ன சொல் மாற மாட்டேன், அனுப்பறேன். ஆனா ஒண்ணு சொல்லணும். நேத்து எங்க ஸ்கூல் ஹெட்மாஸ்டர் தேநீருக்கு வந்தாரு. நம்ம வீட்டுப் பிள்ளைங்களோட இவ பேரையும் எழுதிக்கிட்டுப் போனாரு. சும்மா, கோப்பையக் கீழ வைக்காமலே எழுதிட்டாரு. அதுலேருந்து இவ ஒரே குதி. நீ ஒரு வார்த்தை அவகிட்டப் பேசு. அவ வரேன்னு சொன்னா நாளைக்கே நானே கொண்டுவந்து விடறேன்."

ஒரு நகரமே காலையிலிருந்து முட்டி மோதுகிற காரியம் அங்கே ஒரு கோப்பைத் தேநீரில் முடிந்துவிட்டது. சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை.

போன் கை மாறியது. பின்னால் குழந்தைகளின் கூச்சல், நாய், யாரோ யாரையோ அடித்துவிட்டு ஓடுகிற சத்தம்.

"அம்மா!" என்றாள் அசேமா. இருமல் இல்லை. குரல் கணீரென்று இருந்தது.

"செல்லம், நம்ம வீட்டுக்குப் பின்னாடி மஞ்சள் ஸ்கூல் இருக்குல்ல? அங்க உனக்கு இடம் கிடைச்சிருக்கு. என்கூட வந்து இருக்கியா?"

"அய்பேக் வருவானா?"

அய்பேக் பூபுசாராவின் மகன் வழிப் பேரன். அசேமாவின் வயதுதான். "அவன் அவங்க வீட்லதானே இருப்பான்."

"அப்ப அங்க யாரு இருப்பா?"

"நான் இருக்கேன்."

"அப்புறம்?"

பக்கத்து வீட்டுக்காரர் பெயர்கூட எனக்குத் தெரியாது.

"நான்தான் செல்லம்."

"நீ ஆபீஸ்ல இருப்பியே அம்மா," என்றாள். குற்றம் சொல்லவில்லை. எனக்கு மறந்துபோயிருக்கும் என்று ஞாபகப்படுத்துகிற மாதிரிச் சொன்னாள். "நீ இங்க வந்துடு. அத்தை பெரிய மெத்தை போடுவாங்க. எல்லாரும் அதுலதான் தூங்கறோம். ஓரத்துல இடம் இருக்கு." அதற்குள் யாரோ கூப்பிட, "வரேன்!" என்று கத்திக்கொண்டே போனைக் கீழே போட்டுவிட்டு ஓடிவிட்டாள்.

பூபுசாரா எடுத்தாள். "ஷாயிர்? என்ன சொன்னா? அனுப்பட்டுமா?"

"அப்புறம் சொல்றேன் எஜே," என்று வைத்தேன். கட்டாயப்படுத்திக் கூட்டி வரலாம். பெற்றவள் நான், எனக்கு உரிமை உண்டு. இரண்டு வாரம் அழுவாள், பிறகு பழகிக்கொள்வாள். பழகிக்கொள்ளும் பிள்ளைகளை எனக்கு நன்றாகத் தெரியும். விடுதியில் நாங்கள் எல்லோரும் பழகிக்கொண்டோம். சாயங்காலம் நான் வரும்வரை ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க அவளும் பழகிக்கொள்வாள்.

சாயங்காலம் நெருங்கியபோது பெற்றோர் கூப்பிடுகிற உதவித் தொலைபேசியை ஜோமார்ட் என்னிடம் நீட்டினான்.

"எஜே, ஒரு அம்மா விட மாட்டேங்கறாங்க. அந்த மஞ்சள் ஸ்கூல்தான். நீங்களே பேசிடுங்க." சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் நகர்ந்துவிட்டான்.

தொண்டை கட்டிய ஒரு பெண் குரல். "அக்காவா? பாருங்கக்கா, காலைலேருந்து அழுத்தறேன். எல்லா எடமும் போயிடுச்சு, ஒண்ணே ஒண்ணு இருக்குன்னு காட்டுது. அழுத்துனா புடிச்சு வச்சிருக்காங்கன்னு வருது. காலைலேருந்து அதே ஒண்ணு! யாருக்கா அது? நானும் என் பையனும் மட்டும்தான். எங்களுக்காக அழுத்த வேற ஆள் இல்ல. கடைய அடைச்சிட்டு உக்காந்திருக்கேன். வேற ஸ்கூல்னா ரெண்டு பஸ்ஸு, தனியா எப்படிக்கா அனுப்புவேன்?"

நான் திரையில் அந்தப் பள்ளியின் வரிசையைத் திறந்தேன்.

"திட்டறதுக்காகக் கேக்கல. அவங்க பிள்ளைக்கும் வேணும்தானே? வருவாங்கன்னா வருவாங்கன்னு சொல்லிடுங்க, நான் எந்திரிச்சுப் போயிடறேன். அவங்க வருவாங்களா, மாட்டாங்களா?"

திரையில் அசேமாவின் எண் இருந்தது. பக்கத்தில் அதே நிலை.

"மாட்டாங்க," என்றேன். "வரமாட்டாங்கம்மா. உங்க படிவம் எல்லாம் தயாரா இருக்கா? சான்று இருக்கா?"

"காலைலேருந்து தயாரா இருக்குக்கா!"

"நான் சொல்றப்ப அழுத்துங்க."

துண்டித்தேன். ஒரு விசை, அவ்வளவுதான். வரிசையிலிருந்து அந்த எண் மறைந்தது.

"இப்ப அழுத்துங்க."

அடுத்த நொடி அவள் கத்தின கத்தலில் நான் போனைக் காதிலிருந்து எடுத்தேன்.

"வந்துடுச்சு! டேய், வந்துடுச்சுடா! எந்திரி!"

போனை எங்கோ போட்டுவிட்டாள். பையன் ஓடி வருகிற சத்தம் கேட்டது. "எங்க, காட்டும்மா, என் பேரு எங்க?" என்றான் அவன். அவள் சிரித்தாள், மூக்கை உறிஞ்சினாள், மறுபடி சிரித்தாள். "இங்க பாரு, இதுதான் நீ." பிறகு பையன் ஏதோ பாட ஆரம்பித்தான். பசிக்கிறதா என்று கேட்டாள். அடுப்பைப் பற்றவைத்தாள். தட்டு எடுக்கிற ஓசை, தண்ணீர் ஊற்றுகிற ஓசை. இரண்டே பேர்தான், வீடு நிறைய இருந்தார்கள்.

போனை வைக்க அவள் மறந்துவிட்டாள். ஜோமார்ட் வந்து, வரிசையில் இன்னும் ஆட்கள் காத்திருக்கிறார்கள் என்று சைகை காட்டினான். ஒரு நிமிஷம் என்று கையைக் காட்டிவிட்டு, அவர்கள் சாப்பிட உட்காரும் வரைக்கும் நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.